மருமகளின் ஹேங்கர் ஆன்டெனா

“உங்க வீட்டுக்காரர் கம்பத்துல செத்தாருன்னா, அதுக்காக நான் என் வீட்டுக் கூரையில ஏறக்கூடாதா?”

என் மருமகள் என்னைப் பார்த்துக் கேட்டது இது. ஒரு கையில் ஏணி, இன்னொரு கையில் நீளமான இரும்புக் குழாய். தலையெல்லாம் மழை.

“உன் வீடா? எப்போ எழுதி வாங்கின?” என்றேன்.

“வாடகை வீடுதான். பாதி வாடகை நான் குடுக்கறேன். பாதிக் கூரையில ஏறிக்கறேன்.”

“எந்தப் பாதி? கரண்ட் கம்பி போற பாதியா?”

“கம்பியில கரண்ட் இல்ல அத்தை. தெரு முனையில அறுந்து தரையில கிடக்கு. நீங்களே பார்த்தீங்க. செத்த கம்பி அது.”

“செத்த கம்பின்னு ஒண்ணு கிடையாதுடி. கம்பி தூங்கும், சாகாது. சாகறது மனுஷன்தான்.”

“பேசியாச்சா? ஓவர்” என்று சொல்லி ஏணியைச் சுவரில் சாய்த்தாள்.

சண்டையை ‘ஓவர்’ என்று முடிப்பது அவள் வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டாக்ஸி கம்பெனியில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து, ‘அஞ்சாம் நம்பர் வண்டி ஸ்டேஷனுக்குப் போங்க, ஓவர்’ என்று டிரைவர்களை விரட்டிக்கொண்டிருந்தவள். நான் பேசிவிட்டேன், இனி நீ பேசு என்று அதற்கு அர்த்தமாம். இவள் வாயிலிருந்து வந்தால் இனி நீ பேசாதே என்று அர்த்தம்.

செல்போன் வந்ததும் அந்தக் கம்பெனி வயர்லெஸ்ஸைத் தூக்கிப் போட்டது. இவளையும் சேர்த்துத்தான். ஆனால் காதுக்குப் பழக்கம் விடவில்லை. கடன்காரன் மாதிரி காத்திருந்து ஏதோ ஒரு பரீட்சை எழுதி, அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினாள். காற்றில் அவளுக்கு வேறு பெயர். நாலைந்து எழுத்து, நடுவில் ஒரு எண். லாரி ஓட்டும் என் மகனைக் கட்டிக்கொண்டு வந்தபோது, துணிப்பெட்டியின் அடியில் ஒரு வாக்கிடாக்கி கிடந்தது. எல்லா மருமகளும் வாயோடு வருவாள். இவள் பெட்டிக்குள்ளும் ஒரு வாய் வைத்துக் கொண்டுவந்தாள்.

வேலை சலவைக் கடையில். ஓட்டல்காரர்களின் கோட்டு சூட்டுக்கு நின்றபடியே இஸ்திரி போடுவாள். முழங்கைக்குக் கீழே சூடுபட்ட தழும்பு வரிவரியாக இருக்கும். லீவு நாள் காலையில் அந்த வாக்கிடாக்கிச் செட்டை எடுத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் “உங்க பக்கம் மழையா? என் குரல் எப்படிக் கேக்குது?” என்று விசாரிப்பாள்.

“இதைக் கேக்கறதுக்கா பரீட்சை எழுதின? நான் சன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுக்காரி இதையெல்லாம் ஓசியிலேயே கேக்கறா” என்பேன். சிரிப்பாள். கெட்டிக்காரி, கோபக்காரி. எனக்கு அவளைப் பிடிக்கும். அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறிவிடுவாள்.

எங்களுக்குள் ஓயாத சண்டை என்று பார்த்தால், அடுப்படி சுவிட்ச்தான்.

என் வீட்டுக்காரர் மின்சார லைன்மேன். ஒரு மழை நாளில் ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறினார். கீழே யாரோ, வீட்டில் கரண்ட் இல்லையே என்று ஃப்யூஸைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். கரண்ட் போனால் ஊரெல்லாம் சுவிட்சை அணைக்கும். நான் அடுப்படி பல்பு சுவிட்சைப் போட்டு வைப்பேன். கரண்ட் எப்போது திரும்பி வந்தாலும் அந்தப் பல்பு காட்டிக்கொடுத்துவிடும். திருட்டுத்தனமாக ஒரு கம்பியில் அது நுழைய நான் விடமாட்டேன்.

மருமகள் அணைப்பாள். நான் போடுவேன்.

“கரண்ட் வந்ததும் பட்டப்பகல்ல எரியுது. பில்லு யார் கட்டறது?”

“எரியட்டும். வந்தது தெரியணும்.”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? வாங்க வாங்கன்னு உட்கார வெச்சுப் பேசப் போறீங்களா?”

இப்படித்தான் போகும்.

அந்தப் புயல் வந்தபோது என் மகன் லாரியில் சிமெண்டு ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருந்தான். “அம்மா, மலை ஏறப் போறேன். இனிமே சிக்னல் இருக்காது” என்றான். அதுதான் கடைசியாகக் கேட்ட குரல். அன்று இரவே மலைப் பாதை சரிந்து ஆற்றோடு போய்விட்டதாக மறுநாள் தெருவில் பேசிக்கொண்டார்கள். கரண்ட் போனது. போன் செங்கல்லாகிவிட்டது. யாரைக் கேட்டாலும் ‘சொல்றாங்க, சொல்றாங்க’ என்பார்கள். யார் சொல்கிறார்கள் என்று கேட்டால் அதற்கும் ‘சொல்றாங்க’தான்.

உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. புருஷனைக் கம்பத்திலிருந்து இறக்கிப் பார்த்தவள் நான். மகனை ஆற்றிலிருந்து எடுத்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மருமகளும் தூங்கவில்லை. செட்டைக் காதில் வைத்துக்கொண்டே கிடந்தாள். “மலை மேல என்னை மாதிரி ஒருத்தர் இருக்கார் அத்தை. பேட்டரி வெச்சுப் பேசுவார். அங்க மாட்டிக்கிட்டவங்க விவரமெல்லாம் அவர் சொல்லிக்கிட்டுதான் இருப்பார். இந்தச் செட்டோட குட்டி வாலை வெச்சுக்கிட்டு எனக்குத்தான் எட்டல.”

கூரையில் இருந்த பழைய ஆன்டெனாவைக் காற்று கொண்டுபோய்விட்டது. புதிதாக ஒன்று செய்யப்போகிறேன் என்று அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சலவைக் கடையிலிருந்து சட்டை மாட்டும் கம்பி ஹேங்கர்கள் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள். அவற்றை நிமிர்த்தி நேராக்கினாள். கையில் ஒரு சாக்கெட் வைத்திருந்தாள். சின்னச் சதுரத் தகடு, நாலு மூலையிலும் ஓட்டை, அடியில் கேபிள் முடுக்க மரைபோட்ட வாய், மேலே நடுவில் ஒரு முள். மூலைக்கு ஒன்றாக நாலு ஹேங்கர் கம்பியை வளைத்து நட்டுப் போட்டு முடுக்கினாள். நாலும் கீழ்நோக்கிச் சாய்ந்து விரிந்தன. துணி கிழிந்துபோன குடை மாதிரி இருந்தது.

“நடுவுல ஒண்ணு நெட்டுக்குத்தலா நிக்கும் அத்தை. அதுதான் பேசும். இந்த நாலும் அதுக்குத் தரை. உசரத்துல தரை ஏது? அதனால தரையையே கையோட தூக்கிக்கிட்டுப் போறோம்.”

“மிதிபடறதுக்கு நாலு பேர் வேணுமா? இந்த வீட்டுல நான் ஒருத்தி போதாதா?”

எதையாவது பேசிக்கொண்டிருந்தால் பயம் கொஞ்சம் லேசாகும். அதற்காகத்தான் பேசினேன். அவளும் அதற்காகத்தான் பதில் சொன்னாள்.

ஒவ்வொரு கம்பியும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. நான் முழம் போட்டுக் காட்டினேன். “உங்க முழத்துக்கு அளந்தா மலைக்காரருக்குக் கேக்காது” என்று தையல் டேப்பை எடுத்து அளந்தாள். நடுக் கம்பிதான் வம்பு பண்ணியது. அதை முள்ளில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சூட்டுக்கோலுக்குக் கரண்ட் ஏது? கேஸ் அடுப்பில் அதன் மூக்கைக் காய்ச்சி வைத்துப் பார்த்தாள். ஹேங்கர் இரும்பில் ஈயம் ஒட்டாமல் உருண்டு உருண்டு விழுந்தது.

“தாமிரமா இருந்தா ஒட்டும்” என்றாள். சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்தாள்.

அங்கே ஆணியில் என் வீட்டுக்காரரின் தாமிரக் கம்பிச் சுருள் தொங்குகிறது. அவர் மாட்டியது. நான் எடுத்ததும் இல்லை, அதன்மேல் வேறு எதையும் மாட்டியதும் இல்லை. அவள் கேட்கவில்லை. நானே எடுத்து அவள் மடியில் போட்டேன்.

“வெட்டு.”

“அத்தை…”

“வெட்டுன்னேன்ல. பார்த்துக்கிட்டே இருந்தா மகன் வந்துடுவானா?”

வெட்டினாள். ஈயம் பளபளவென்று பிடித்துக்கொண்டது.

முதல் தடவை பின்பக்கம், அடுப்படிக்கு மேலே கட்டினாள். அங்கே கரண்ட் கம்பி கிடையாது. எனக்கும் பயமில்லை. கேபிளை அடுப்படி சன்னல் வழியாக உள்ளே விட்டுச் செட்டில் மாட்டினோம். அரிசி வறுக்கிற மாதிரி ஒரே இரைச்சல். அவ்வளவுதான். இறங்கி வந்து ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அரக்கு! துரு சட்டையில ஒட்டக்கூடாதுன்னு ஹேங்கருக்கு அரக்கு பூசியிருப்பாங்க. சுரண்டாம முடுக்கியிருக்கேன். கம்பி தகட்டுல படவே இல்ல. தினம் இதைத்தானே தொடறேன், எனக்குப் புத்தி எங்க போச்சு?”

“ஆத்தங்கரைக்குப் போயிருக்கும், என் புத்தி போன இடத்துக்கு” என்றேன்.

என் காய்கறிக் கத்தியால் நாலு முனையையும் சுரண்டினாள். கத்தி அன்றோடு போனது. பிறகு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். பின்பக்கம் வேண்டாமாம். பக்கத்து அச்சாபீஸின் மாடிச்சுவர் மலைத் திசையை மறைக்கிறதாம். முன்பக்கம்தான் கட்ட வேண்டுமாம். முன்பக்கக் கூரையை ஒட்டித்தான் கரண்ட் கம்பி போகிறது. அப்போதுதான் அந்தச் சண்டை.

சண்டையில் அவள் ஜெயித்தாள். என் மகன் அவளுக்குப் புருஷனும் அல்லவா? எந்த வாயால் தடுப்பது?

“நீங்க அடுப்படியில செட்டு பக்கத்துல உட்காருங்க. யாராவது பேசினா என்ன சொல்றாங்கன்னு ஒரு சொல் விடாம கேளுங்க” என்று ஏறிவிட்டாள். தலைக்கு மேல் அவள் காலடிச் சத்தம் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் போவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கேபிளும் கூடவே சரசரவென்று சன்னல் வழியாகப் போயிற்று. வெளியே மழை. வீட்டுக்குள் சாயங்காலம் மாதிரி இருட்டு.

இரைச்சல். இரைச்சல். திடீரென்று அதற்கு நடுவில் ஒரு ஆம்பளைக் குரல். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. வண்டி நம்பர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. “…பதினெட்டு, தொண்ணூறு… அடுத்தது… முப்பத்தாறு…”

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் மகன் வண்டி நம்பர் காதில் இருக்கிறது. முப்பத்தாறு நாப்பத்தொண்ணு. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

அப்போது என் கைமேல் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது.

அண்ணாந்து பார்த்தேன். பல்பு எரிகிறது. பளிச்சென்று இல்லை, அணையப்போகிற கரி மாதிரி, மங்கலாக, துடித்துத் துடித்து. தெருக்கோடியில் கம்பி அறுந்து கிடக்கிறது. எங்கிருந்து வந்தது? அதைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. வந்துவிட்டது. தூங்கின கம்பி எழுந்துவிட்டது. கூரையில் ஈரக் காலோடு, கையில் இரும்புக் குழாயோடு, அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் அவள்.

“இறங்குடீ!” என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. செட்டில் அந்த ஆள் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அடுத்த சொல்லில் என் மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கேபிளைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அடுப்படி பின்பக்கம், கரண்ட் கம்பி முன்பக்கம். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன்.

குரல் அறுந்தது. கூரையில் தடதடவென்று ஏதோ உருண்டது. குழாய் பின்முற்றத்தில் துவைக்கிற கல்மேல் விழுந்து மணி மாதிரி அடித்தது.

அப்புறம் ஒன்றும் இல்லை. மழை மட்டும்.

“ஏய்!” என்றேன். “ஏய், புள்ள!”

சன்னலில் தலையை நீட்டினேன், கூரை தெரியவில்லை. இழுத்ததில் குழாய் வேறு பக்கம் சாய்ந்திருந்தால்? நானே கொன்றிருந்தால்?

ஏணி கிறீச்சென்றது. நனைந்த பூனை மாதிரி உள்ளே வந்தாள். கண்ணில் நெருப்பு.

“உங்களுக்குப் பைத்தியமா? உங்க மகன் வேணுமா வேண்டாமா? பிடிச்சிருந்த குழாயைப் பிடுங்கி எறிஞ்சிட்டீங்களே! எல்லாம் போச்சு!”

நான் விரலை மேலே நீட்டினேன்.

பல்பைப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். திரும்பப் பல்பைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“ஒரு சாண்தான் இருந்துச்சு அத்தை” என்றாள். “இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டலாம்னு அப்பதான் தூக்கினேன்.”

துண்டை எடுத்து அவள் தலைமேல் போட்டேன். துவட்டிக்கொண்டே கேட்டாள்.

“குரல் வந்துச்சா?”

“வந்துச்சு. முப்பத்தாறுன்னு சொன்னான்.”

“முப்பத்தாறு என்ன?”

“தெரியாது. அதுக்குள்ள இழுத்துட்டேன்.”

“எந்த விவரம் சொல்லிக்கிட்டிருந்தாரு? பத்திரமா இருக்கறவங்களா, ஆத்துல விழுந்த வண்டியா?”

“தெரியாதுடி.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பக்கத்திலிருந்து டுபுடுபுவென்று ஒரு சத்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அச்சாபீஸ் ஜெனரேட்டர். குடையை எடுத்துக்கொண்டு போனேன், விரிக்க அல்ல.

“ஏம்ப்பா, உன் ஜெனரேட்டரை நிறுத்து.”

அச்சாபீஸ்காரர் மையும் கையுமாக வந்தார். “என்னம்மா நீங்க? வெள்ள நோட்டீஸ் அவசரமா அடிக்கச் சொல்லியிருக்காங்க. என் ஜெனரேட்டர், என் பெட்ரோல்.”

“உன் பெட்ரோல் என் அடுப்படியில எரியுது. வந்து பாரு.”

வந்து பார்த்தார். முகம் வெள்ளைக் காகிதமானது. மெயின் சுவிட்சை இறக்காமல் ஜெனரேட்டரை அச்சாபீஸ் ஒயரிங்கில் செருகியிருக்கிறார். அந்தக் கரண்ட் தெருக் கம்பியில் ஏறி, அறுந்த துண்டில் எங்கள் வீடுவரை வந்துவிட்டது. ஓடிப்போய் நிறுத்தினார். பல்பு செத்தது.

“மறந்துட்டேன்மா. அவசரத்துல…”

“அடுத்த நோட்டீஸ்ல என் மருமக படத்தைப் போட்டிருப்ப. அதுக்கும் அவசரமா மை பூசியிருப்ப.”

மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார். “என்ன வேணும்னாலும் சொல்லுங்க, செய்யறேன்” என்றார். மருமகள் விடவில்லை. “உங்க மாடி வேணும்” என்றாள். அந்த மாடிச்சுவர்தானே மறைக்கிறது? மாடிமேலேயே ஏறிவிட்டால் மறைக்க எது இருக்கிறது? அங்கே கரண்ட் கம்பியும் கிடையாது.

ஆனால் ஆன்டெனா துவைக்கிற கல்லில் விழுந்ததில், சாக்கெட்டின் நடுவில் முள்ளைப் பிடித்திருக்கும் வெள்ளைப் பகுதி விண்டுவிட்டது. வேறு வேண்டும். கம்பிகளைக் கழற்றி, வளைந்ததை நிமிர்த்த அவள் உட்கார்ந்தாள். உடைந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு நானே போனேன்.

முழங்கால் தண்ணீரில் நடந்தேன். எந்த இடத்தில் எந்தக் கம்பி விழுந்து கிடக்கிறதோ என்று ஒவ்வொரு அடிக்கும் குடை நுனியால் குத்திப் பார்த்தேன். முப்பத்தாறு, முப்பத்தாறு என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. ரேடியோ ரிப்பேர் கடை பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போய் உடைந்ததை மேஜையில் வைத்து, “இதே மாதிரி ஒண்ணு” என்றேன். கடைக்காரன் தேடி எடுத்து, விலையைச் சொல்லி, கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றான். என் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியும். வாங்கி முடிந்துகொண்டு திரும்பிவிட்டேன்.

அச்சாபீஸ் மாடியில், காகிதக் கட்டுகளுக்கு நடுவில், மறுபடி பற்றவைத்தாள். இந்தத் தடவை இரும்புக் குழாய் இல்லை, துணி உலர்த்தும் மூங்கில். அச்சாபீஸ்காரர் மொட்டைமாடியில் நின்று மூங்கிலைக் கட்டினார். நாங்கள் இருவரும் கீழே மாடியறையில் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

இரைச்சல் விலகிக் குரல் வந்தது. இப்போது கிணற்றிலிருந்து அல்ல, பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி. “ஆத்துல கிடக்கிற வண்டிங்க நம்பரை மறுபடியும் சொல்றேன்” என்றது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பதினெட்டு, தொண்ணூறு. முப்பத்தாறு, நாப்பத்தொண்ணு.”

ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. இஸ்திரி போடுகிற கை, பிடித்த இடம் வலித்தது. இன்னொரு கையால் அவள் பட்டனை அழுத்தினாள். முதலில் காற்றில் தன் பெயரைச் சொன்னாள். பிறகு நான் கேட்டே இராத ஒரு குரலில் பேசினாள். டாக்ஸி கம்பெனிக் குரல் போலிருக்கிறது. ஒரு பிசிறு இல்லை.

“முப்பத்தாறு நாப்பத்தொண்ணு வண்டி டிரைவர் விவரம் வேணும். குடும்பத்துக்காரங்க கேக்கறாங்க. ஓவர்.”

பட்டனை விட்டாள். இரைச்சல்.

“கேக்குது. பார்த்துச் சொல்றேன், இருங்க” என்றார் மலைக்காரர்.

அந்த நேரம் எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள். புருஷன் செத்து இத்தனை வருஷமும் அதைவிடச் சீக்கிரம் போனது.

“வண்டிதான் ஆத்துல. டிரைவர் இங்க பள்ளிக்கூடத்துல இருக்கார். பாறை உருளும்போது குதிச்சிருக்கார். கால்ல கட்டுப் போட்டிருக்கோம். இன்னும் சாப்பாடு வரலன்னு எல்லாரையும் திட்டிக்கிட்டிருக்கார். ஓவர்.”

“திட்டறானா?” என்றேன். “அப்போ என் மகன்தான்.”

மருமகள் பட்டனை அழுத்தினாள். பிசிறில்லாத அந்தக் குரல் எங்கே போனதோ, வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நான் குனிந்து, “யப்பா, அவனுக்கு முதல்ல சோறு போடுங்க” என்று ஆரம்பித்தேன். சட்டென்று விரலை எடுத்துவிட்டாள்.

“லைசென்ஸ் இல்லாம பேசக்கூடாது அத்தை” என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். என் ரவிக்கை அவள் தலைமயிர்த் தண்ணீரில் நனைந்ததா, கண்ணீரில் நனைந்ததா, தெரியாது.

ஆன்டெனா இன்னும் அச்சாபீஸ் மாடியில்தான் இருக்கிறது. காக்கா உட்கார்ந்து ஒரு கம்பி கொஞ்சம் கோணலாகிவிட்டது. எங்கள் வீட்டில் சுவிட்ச் சண்டை மட்டும் நின்றுவிட்டது. கரண்ட் போனால் இப்போது அவளே போய் அடுப்படி சுவிட்சைப் போட்டு வைக்கிறாள். மற்ற சண்டைகளுக்குக் குறைவில்லை.

என் மகன் கட்டுப் போட்ட காலோடு வந்து சேர்ந்ததும் எல்லாக் கதையும் கேட்டான். கடைசியில் அண்ணாந்து ஆன்டெனாவைப் பார்த்துக்கொண்டே, “அந்தச் சாக்கெட்டை எவ்வளவுக்கும்மா வாங்கின?” என்றான்.

“எழுபது.”

“எழுபதா? இருபத்தஞ்சு பெறாதும்மா அது! புயலைச் சாக்கு வெச்சு ஏமாத்தியிருக்கான். நீயா பேரம் பேசாம வந்த?”

“எழுபதுன்னான். எழுபது குடுத்தேன்.”